சடங்குச் சங்கிலி என்று நான் சொன்ன சிங்கப்பூர்ச் சங்கிலி

இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து யாருக்கும் காட்ட வேண்டாம். சங்கரன்கோவில்காரர்கள் யாராவது படித்தால், படித்ததும் மூடிவிடுங்கள். என் பெயரைப் போடவில்லை. ஆனால் எங்கள் தெருவில் காலாண்டு விடுமுறைக்குச் சிங்கப்பூர் போய் வந்த பதினொன்றாம் வகுப்புப் பெண் நான் ஒருத்திதான். வெளிநாட்டில் நகை எடுக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். எனக்கும் ஒரு பதில் தெரிய வேண்டும். அதைக் கடைசியில் கேட்கிறேன்.

அக்காவுக்குத் தை மாதம் கல்யாணம். அம்மாவின் தம்பி, என் மாமா, பத்து வருடமாகச் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். அங்கே நகை எடுத்தால் சுற்றுலா வந்தவர்களுக்கு ஒன்பது சதவீத வரி திரும்பக் கிடைக்கும் என்று அவர் சொன்னதும் அம்மா கிளம்பிவிட்டாள். அப்பாவால் தறியை விட்டு வர முடியாது. இங்கிலீஷ் பேச நான். மொத்தம் ஐந்து நாள்.

டாலரைத் திருநெல்வேலியில் பணம் மாற்ற உரிமம் உள்ள ஒரு கடையில் வாங்கினோம். ஒரு சிங்கப்பூர் டாலர் 68 ரூபாய் 40 பைசா. 3,000 டாலருக்கு 2,05,200 ரூபாய். பான் கார்டு, பாஸ்போர்ட், டிக்கெட் மூன்றும் கேட்டார்கள். ஐம்பதாயிரத்துக்கு மேல் என்பதால் ரொக்கம் வாங்கவில்லை, வங்கியிலிருந்து அனுப்பச் சொன்னார்கள். மதுரை விமான நிலையத்தில் அதே டாலர் 72 ரூபாய் 10 பைசா. கடைசி நேரத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு வாடகைக் காரில் மூன்று மணி நேரம், 3,400 ரூபாய்.

மூன்றாம் நாள் லிட்டில் இந்தியாவில் இரண்டு பவுன் சங்கிலி எடுத்தோம். 2,400 டாலர், வரி 216, ஆக 2,616. அங்கே குடியிருப்பவர் என்பதால் மாமா வரியைத் திரும்பக் கேட்க முடியாது. வரியைத் திரும்பக் கேட்க விமான நிலையத்தில் ஒரு மெஷினில் பதிய வேண்டும், அம்மாவுக்கு அதெல்லாம் வராது. அதனால் என் பாஸ்போர்ட்டைக் கொடுத்தோம். பதினாறு வயது முடிந்திருக்க வேண்டுமாம். எனக்கு ஆடியில்தான் முடிந்தது.

கிளம்புவதற்கு முந்தைய நாள் மாமா வீட்டுக் குளியலறையில் அம்மா சங்கிலியில் கட்டியிருந்த கடை டேக்கை அறுத்துப் போட்டுவிட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த மஞ்சள்பொடியைக் குழைத்துக் கண்ணி கண்ணியாகத் தேய்த்தாள்.

"எம்மா, என்ன செய்தே?"

"புதுசு மாதிரி இருந்தா மதுரையில புடிச்சி வரி போடுவாகளாம். எல்லாரும் இப்படித்தான் கொண்டாராக. நீ அந்த ரசீதைக் கிழிச்சிப் போடு."

நான் கிழிக்கவில்லை. பாஸ்போர்ட் உறைக்குள் மடித்து வைத்தேன். வரியைத் திரும்பத் தரும் இடத்தில் அது புது நகை என்று காட்ட வேண்டும் என்பது அம்மாவுக்குத் தோன்றவே இல்லை.

நகையைக் கையில் கொண்டுபோனால் குடிநுழைவு, அதாவது இமிகிரேஷன், தாண்டிய பிறகு உள்ளே இருக்கும் மெஷினில் பதிய வேண்டும். பாஸ்போர்ட்டை வைத்ததும் நாங்கள் வாங்கியது திரையில் வந்தது. பிறகு, பொருளை அதிகாரியிடம் காட்டு என்று வந்தது. விமானத்தில் ஏற நாற்பது நிமிடம்தான் இருந்தது. கவுண்டரில் தமிழ் பேசும் ஒரு பெண் அதிகாரி. சங்கிலியைத் தூக்கிப் பார்த்தார். அவருடைய கையுறையில் மஞ்சள் ஒட்டியது.

"ரெண்டு நாளைக்கு முன்னால வாங்கினதுன்னு இருக்கு. டேக் எங்கம்மா?"

"சாமிக்கு வச்சிக் கும்பிட்டோம், அதான் மஞ்சள்" என்றாள் அம்மா.

அவர் என்னைத்தான் பார்த்தார். நான் ரசீதை எடுத்து நீட்டினேன். கொக்கியில் இருந்த முத்திரையை ரசீதோடு ஒப்பிட்டு, எடையும் போட்டுப் பார்த்தார். பத்து நிமிடம் ஆனது.

"உன் பேர்லதான் வெளிய போகுது. அங்க இறங்கினதும் சொல்லிடு, சரியா?" என்றார். சரி என்றேன். சேவைக் கட்டணம் போக 194 டாலர் கையில் கொடுத்தார்கள்.

விமானத்தில், "அவுக சொன்னபடி சொல்லிருவோமா?" என்று கேட்டேன். "கிறுக்கச்சி மாதிரி பேசாத. கெடச்சதுக்கு மேல அங்க கெட்டணும்" என்று சொல்லிவிட்டு அம்மா சங்கிலியை என் கழுத்தில் போட்டாள். "பள்ளிக்கூடத்துப் பிள்ளைய யாரும் கேக்க மாட்டாக."

கேட்டார்கள். மதுரையில் பெட்டியை எடுத்துக்கொண்டு வரும்போது சுங்க அதிகாரி ஒருவர் நிறுத்தினார்.

"பாப்பா, இந்தச் சங்கிலி எப்ப எடுத்தது?"

"எனக்குச் சடங்கு வச்சப்ப மாமா போட்டது."

எங்கிருந்து வந்தது அந்தப் பொய் என்று தெரியவில்லை. பெண் வயதுக்கு வந்த சடங்குக்குத் தாய்மாமன் நகை போடாத வீடு எங்கள் பக்கம் கிடையாது. அவர் சிரித்து, போகச் சொன்னார். காரில் அம்மா என் காதைப் பிடித்துச் சொன்னாள்: "எனக்கே தோணல, ஏட்டி. கெட்டிக்காரிதான்."

அப்பாவிடம் அம்மா, "ஒண்ணுமே கேக்கல, நேரா வந்துட்டோம்" என்று சொல்லிவிட்டாள். அவர் நம்பிவிட்டார். இப்போது பெரியம்மாவுக்கும் நான்கு பவுன் வேண்டுமாம். அரைப் பரீட்சை லீவுக்கு நான் கூடப் போக வேண்டுமாம். "மெஷின் எல்லாம் இவளுக்கு அத்துப்படி" என்று அப்பா வந்தவர்களிடம் எல்லாம் சொல்கிறார். அதே பாஸ்போர்ட்டில் நான்கு பவுனைச் சிங்கப்பூரில் புதுசு என்று பதிந்துவிட்டு, மதுரையில் எந்தச் சடங்கைச் சொல்வேன்?

போகிறவர்கள் ரசீதைக் கிழிக்காதீர்கள். நகையில் எதையும் தேய்க்காதீர்கள். திரும்பக் கிடைக்கும் வரியை மட்டும் கணக்குப் போடாமல், இங்கே கட்ட வேண்டியதையும் கேட்டுக்கொண்டு போங்கள். ஐந்து நாள் போய் வருகிறவர்கள் இரண்டு பவுனைச் சொல்லாமல் கொண்டுவரக் கூடாது என்று வந்த பிறகுதான் தேடிப் படித்தேன்.

நான் கேட்க வந்தது இதுதான். ஊருக்கு வந்த பிறகு போய் உண்மையைச் சொல்லி வரியைக் கட்டினால் வாங்கிக்கொள்வார்களா? அம்மாவை ஏதாவது செய்வார்களா? சங்கிலியைப் பிடுங்கிக்கொண்டால் அக்கா கல்யாணம் என்ன ஆகும்? தெரிந்தவர்கள் கீழே…

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா.

"ஏட்டி, முழிச்சிருக்கியா? பாஸ்போர்ட்டை எடு. பன்னெண்டு மணிக்கு மேல டிக்கெட் வெல ஏறிருமாம்."

பாஸ்போர்ட் மடியில்தான் இருக்கிறது. உறைக்குள் ரசீதும் இருக்கிறது. முதலில் ரசீதைத்தான் நீட்டப் போகிறேன், மதுரையில் நான் சொன்ன பொய்யையும் சொல்லிவிடப் போகிறேன். மறுபடி தட்டுகிறார்