குருத்து வெளியே தெரியணும்

இதய அறுவைச் சிகிச்சைக்காக என் கணவர் மருத்துவமனையில் இருந்தபோது, அவருடைய மீன்தொட்டியை நானே கழுவினேன். பின்வரிசையில் இருந்த உயரமான செடிகளைப் பிடுங்கி மீண்டும் நட்டேன். சில நாளில் அவை அழுகத் தொடங்கின.

ஒரு செடியைப் பையில் போட்டுக்கொண்டு சிங்கப்பூர் ஈசூனில் உள்ள வளர்ப்புமீன் கடைக்குப் போனேன். அங்கே பேருந்து ஓட்டுநர் சீருடையில் ஒருவர், ஒவ்வொரு தொட்டியின் முன்னும் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். என் பையிலிருந்த அழுகிய செடியைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"ஆழமா நட்டீங்களாக்கா?"

"சாயக்கூடாதுன்னுதான்..."

"வேர் மட்டும் மணல்ல இருக்கணும் லா. குருத்து வெளிய தெரியணும். தூக்கிப் போட்டுடாதீங்க, பொழச்சுக்கும்."

அந்தக் கடைசிச் சொல்லில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் காரணம் கேட்கவில்லை. நான் கண்ணைத் துடைக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

அன்றே எல்லாச் செடிகளையும் குருத்து தெரியும்படி மாற்றி நட்டேன். சில வாரம் கழித்துக் கணவர் வீடு திரும்பியபோது புது இலைகள் பாதித் தொட்டிக்கு வளர்ந்திருந்தன.

"யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார்.

"கடையில ஒருத்தர்" என்றேன். அவர் பெயரைக்கூடக் கேட்டுவைக்காதது அன்று முழுவதும் வருத்தமாக இருந்தது.