எண்பத்தெட்டுப் பொட்டு

ஆயுத பூஜையன்று பியானோ மெக்கானிக்குக்கு ஃபோன் வரக் கூடாது. எனக்கு வந்தது.

ஆதம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் என் ட்யூனிங் சாவி, குறடு, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தன. என்னைவிடச் சுத்தமாக இருந்தன. ஃபோனில் மயிலாப்பூர் மாமி.

"முனுசாமி, மாடியில டீச்சரோட பியானோக்கு பூ வெக்கப் போனேன். நடுக்கட்டை பள்ளமா கிடக்குடா, எழுந்துக்கவே மாட்டேங்கறது. நாளைக்குக் கார்த்தால எக்ஸாம். எக்ஸாம் எடுக்கற வெள்ளைக்காரர் ஆத்துக்கே வரார். உடனே வா."

"இன்னிக்கு டூல்ஸைத் தொட்டா என் பொண்டாட்டி புஷ்பா என்னைத் தொலைச்சுடுவா மாமி."

"சரஸ்வதிகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ வா."

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்காக எழுதுகிறேன். அஞ்சாம் கிளாஸோடு பள்ளிக்கூடம் என்னை விட்டு விலகிக்கொண்டது. அதனால் பிழை இருந்தால் பள்ளிக்கூடத்தைக் கேளுங்கள்.

மாமி வீட்டு மாடியில் குடியிருப்பவர் நீனா டீச்சர். ரஷ்யாவுக்குப் படிக்கப் போன மயிலாப்பூர்க்காரரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவர். கணவர் காலமான பிறகும் ஊருக்குத் திரும்பவில்லை. கேட்டால், "என் பிள்ளைங்க இங்க இருக்கே" என்பார். எல்லாம் அடுத்தவர் பெற்ற பிள்ளைகள், பியானோ கற்க வருகிறவர்கள்.

அதில் ஒருத்தி ரோசி. பட்டினப்பாக்கம். அம்மா மேரி மந்தைவெளியில் மீன் விற்கிறார். பரீட்சை நின்றுபோனால் மற்ற பிள்ளைகளை அப்பாக்கள் காரில் வேறு சென்டருக்குக் கூட்டிப் போவார்கள். ரோசிக்குத் தெரிந்தது இந்த ஒரு பியானோதான். அவளுக்கு ஒரு வருஷம் போச்சு. அவள் வாசிக்கப் போகும் பாட்டே அந்த நடுக்கட்டையில்தான், 'சி'யில்தான், ஆரம்பிக்கும்.

சாமிக்கு முன்னாலிருந்து டூல்ஸைத் திருடி டிஃபன் பையில் போட்டேன். "கை வெளங்காது போ!" என்று புஷ்பா தெருவே கேட்க வழியனுப்பினாள்.

மாடி ஏறினால் நீனா டீச்சர் பியானோவுக்குக் குறுக்கே நிற்கிறார். அவருக்குத் தமிழ் பாதி மாமி, பாதி மேரி.

"ஆத்துல பூஜை நடக்கறது, நீ இன்னா முனு டூல்ஸ் எட்த்துக்கினு வரே?"

"மாமிதான் கூப்ட்டாங்க டீச்சர்."

"நீனா, ஆபத்துக்குத் தோஷமில்லை," என்றார் மாமி.

"வாத்தியத்தைத் தொடப்படாதுன்னு நான் வந்த வருஷத்துலேர்ந்து சொன்னது யாரு மாமி? கான்சர்ட் இருக்குன்னு அழுதேன், அப்போ விட்டேளா?"

மாமி சமையலறையில் ஏதோ தீய்கிறது என்று இறங்கிப் போய்விட்டார். எதுவும் தீயவில்லை. நான் வடை தின்றுவிட்டு வீட்டுக்குப் போனேன். புஷ்பா டூல்ஸைக் கழுவி மறுபடி பொட்டு வைத்தாள். எனக்குச் சோறு வைக்கவில்லை.

மறுநாள் விஜயதசமி. விடிந்ததும் போய்விட்டேன். புனர்பூஜை முடிந்தால் தொடலாம். ஆனால் முந்தின நாள் தோஷமில்லை என்ற அதே மாமி, இன்றைக்கு ஒரு சுலோகத்தையும் விடவில்லை. நான் கடிகாரத்தைப் பார்க்க, அவர் இன்னும் சத்தமாகச் சொன்னார்.

ஒருவழியாகப் பூஜைக்குப் பியானோ மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்தார்கள். எண்பத்தெட்டுக் கட்டைக்கும் சந்தனம், குங்குமம். கட்டை சிக்கியது மழை ஈரத்தால் என்று நினைத்திருந்தேன். சந்தனம் இடுக்கில் வழிந்து காய்ந்து 'சி'யைக் கெட்டியாகப் பிடித்திருந்தது.

"யாரு டீச்சர் இந்த வேலை பண்ணது?"

"நான்தான். ஒண்ணுக்கு வெச்சு ஒண்ணுக்கு வெக்காம விட்டா பாவம் இல்லையா?"

முன்பலகையைக் கழற்றி ஒவ்வொரு கட்டையாகச் சுரண்டினேன். மேரி மகளோடு வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாண்ணே, சந்தனக்காப்பு கலைக்கிறியா?"

சிரிக்க நேரமில்லை. டீச்சர் பக்கத்தில் நின்று, "இது வேணும், இது வேணும், அது எந்தக் குழந்தைக்கும் வேணாம்" என்று விரலால் காட்டிக்கொண்டே வந்தார். நடுப்பக்கம் சுத்தமானது. இரண்டு ஓரத்துக்கும் போவதற்குள் வெள்ளைக்காரர் வாசலில்.

அவர் பியானோவைப் பார்த்தார். ஓரத்துப் பொட்டுகளைப் பார்த்தார். இங்கிலீஷில் ஏதோ கேட்டார். டீச்சர் முகம் வெளுத்தது. ஏற்கெனவே வெள்ளை, அதற்கு மேலும்.

"இன்னா மிஸ்?" என்றாள் ரோசி.

"குழந்தைங்க கண்டுபிடிக்க அடையாளம் வெச்சிருக்கான்னு கேக்கறார். அடையாளம் இருந்தா எக்ஸாம் செல்லாதாம்."

"நான் அடிக்கிற எடத்துல ஒண்ணுமே இல்லன்னு சொல்லுங்க மிஸ். இருந்தாலாவது உதவியா இருந்திருக்கும்."

டீச்சர் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னார் போலிருக்கிறது. வெள்ளைக்காரர் குனிந்து நடுக்கட்டைகளைப் பார்த்தார், ஓரத்துக் குங்குமத்தை விரலால் தொட்டார், சிரித்தார். ரோசியை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு, எங்களை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். பாட்டு நல்லதா கெட்டதா எனக்குத் தெரியாது. நான் கேட்டது ஒன்றைத்தான்: 'சி' அமுங்குகிறது, எழுந்திருக்கிறதா? எழுந்தது. மறுபடி அமுங்கியது. எழுந்தது. பக்கத்தில் மேரி சிலுவை போட்டார், மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். டீச்சர் இரண்டையும் செய்தார்.

ரோசி பாஸ்.

தம்பிகளா, நான் கற்ற பாடம் இவ்வளவுதான்: பூஜைக்கு முந்தின நாளே போய்விடுங்கள். இப்போது வருஷா வருஷம் நான் போய் பியானோ மூடியைப் பூட்டி, மூடி மேல் நானே ஒரு பொட்டு வைத்து, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறேன். டீச்சருக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

"ஒரே ஒரு பொட்டா முனு? சரஸ்வதி கோவிச்சுக்க மாட்டாளா?"

"கோவிச்சுக்கினா என் நம்பரைக் குடுங்க டீச்சர். நான் பேசிக்கிறேன்."