ஒரு நாளைக்கு மூன்று யூனிட்

போன செவ்வாய்க்கிழமை மீட்டர் பார்ப்பவர் எங்கள் ஒழுங்கைக்கு வந்தார்.

முதலில் என் வீடு. கூரையில் சோலார் போட்டிருப்பதால் எனக்கு வேறு மாதிரி மீட்டர். எடுக்கிற கரண்டையும் எழுதும், கொடுக்கிற கரண்டையும் எழுதும். "ஐயாவுக்கு இந்த மாசமும் வரவுதான்" என்று சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அடுத்த வீடு தம்பிராசாவுடையது. தோணியில் போய் வாவியில் வலை போடுகிறவன். வாசலில் கட்டிய வெள்ளைக் கொடியை இன்னும் அவன் கழற்றவில்லை. அவன் மனைவி யோகம் செத்து அன்று பத்தாம் நாள்.

மீட்டர் பார்ப்பவர் கொடியைக் கவனிக்கவில்லை போல. இலக்கத்தைக் குறித்தார். பில்லைக் கிழித்து நீட்டினார்.

"எண்பத்தெட்டு. தொண்ணூறுக்குள்ளதான் நிக்குது. நல்லாச் சிக்கனமா இரிக்கீங்க."

தம்பிராசா பில்லை வாங்கிப் பார்த்தான். "அவதான் கணக்குப் பாக்கிறவ" என்றான்.

எனக்கு ஆத்திரம் வந்தது. மீட்டர் பார்ப்பவர் மேல் இல்லை, அவர் தன் வேலையைச் செய்தார். வேறு யார் மேல் என்று சொல்லத்தான் இந்த வாரப் பத்தி. அதில் நானும் இருக்கிறேன்.

யோகத்துக்குச் சுவாசப்பை வருத்தம். "சிகரெட் குடிக்கிற ஆக்கள் வீட்டில இரிக்காங்களா?" என்று டொக்டர் கேட்டாராம். "இல்ல டொக்டர், எங்கட வீட்டில அடுப்புத்தான் குடிக்கிற" என்று இவள் சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வேலிக்கு மேலால் எனக்கு இதைச் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் இருமல் வந்துவிட்டது.

அவள் முன்பு மண்ணெண்ணெய் அடுப்பில்தான் சமைத்தாள். ஏழைகளின் எண்ணெய் என்று அரசாங்கம் அதை மலிவாகக் கொடுத்த காலம் அது. பிறகு நெருக்கடி வந்தது, அந்த விலையைத் தூக்கிவிட்டார்கள். மீனவர்களுக்கு உதவி என்றார்கள் — எஞ்சின் வைத்த படகுகளுக்கு. தம்பிராசாவின் தோணிக்கு ஏது எஞ்சின்? அவனுடைய இரண்டு கைதான் எஞ்சின். கைக்கு எண்ணெய் ஊற்றுகிற அரசாங்கம் எந்த ஊரிலும் இல்லை.

அதனால் யோகம் விறகுக்குத் திரும்பினாள். தென்னோலை, மட்டை, வாவிக்கரையில் ஒதுங்குகிற ஈரக்கட்டை. காற்று வராத தகரக் குசினி. காஸ் அடுப்பு வாங்கவில்லையா என்று கேட்பீர்கள். வாங்கினாள். சிலிண்டர் முடிந்ததும் மாற்றக் காசில்லை, அன்றிலிருந்து அந்த அடுப்பின் மேல் அரிசிச் சட்டி இருந்தது.

நாலு மாதத்துக்கு முன் டொக்டர் சொல்லிவிட்டார்: வீட்டில் ஒக்சிஜன் மிஷின் வேண்டும். பகலிலும் இரவிலுமாக நாளின் பெரும்பகுதி அது ஓட வேண்டும். காத்தான்குடியில் நசீர் என்றொரு தம்பி இருக்கிறான். சில்லுக் கதிரை, கட்டில், இப்படியான மிஷின் எல்லாம் சேர்த்து வைத்து, வருத்தக்காரர் வீடுகளுக்கு இரவல் கொடுப்பான். அவன் கொண்டுவந்து பூட்டிக் கொடுத்தான். காசு வாங்கவில்லை. "படைச்சவன்ட்ட எனக்காகத் துஆச் செய்யுங்க, அது போதும்" என்றான்.

மிஷின் இலவசம். கரண்ட்?

முதல் மாத பில்லைத் தூக்கிக்கொண்டு யோகம் என்னிடம் வந்தாள். பின்பக்கத்தில் உள்ள கட்டங்களை நான்தான் விளக்கினேன். குறையப் பாவிக்கிறவனுக்கு மலிவு, கூடப் பாவிக்கிறவனுக்கு விலை ஏறும். ஏழை குறையப் பாவிப்பான், பணக்காரன் கூடப் பாவிப்பான் என்று யாரோ மேசையில் இருந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். அறைக்கு அறை ஏசி போட்டவனும் மூச்சுக்கு மிஷின் போட்டவளும் அந்தக் கணக்கில் ஒரே கட்டம்.

"தொண்ணூறுக்குள்ள நிண்டாச் சமாளிக்கலாம் புள்ள" என்றேன்.

அப்படிச் சொன்ன வாயைத்தான் இப்போது என்ன செய்வது என்று தெரியவில்லை.

"அப்ப ஒரு நாளைக்கு மூண்டு" என்றாள். ஐந்தாம் வகுப்பு படித்தவள். என்னைவிட வேகமாகப் பிரித்தாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாள் காலையிலும் அடுப்புக் கரியால் மீட்டரின் கீழே சுவரில் இலக்கம் எழுதுவாள். லைட்டுக்கும் ஃபேனுக்கும் ஒன்று. மிஷினுக்கு இரண்டு. அந்த இரண்டும் இரவுக்கே சரி. விடிந்ததும் மிஷினை நிறுத்திவிட்டு அடுப்பு மூட்டப் போவாள். பகல் முழுக்க வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு திரிவாள். தம்பிராசா சத்தம் போடுவான். "நீங்க பிடிக்கிற மீனெல்லாம் மீட்டருக்கா?" என்று திருப்பிக் கேட்பாள்.

நான் சும்மா இருக்கவில்லை. கரண்ட் ஒபிஸுக்குப் போனேன். வருத்தக்காரர் வீட்டுக்குச் சலுகை உண்டா என்று கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் நல்ல மனிதர். பட்டியலை எனக்கே காட்டினார். கோயில், பள்ளிவாசலுக்கு ஒரு வகை. ஹொட்டேலுக்கு ஒரு வகை. தொழிற்சாலைக்கு ஒரு வகை. "வருத்தக்காரருக்கு வகை இல்ல ஐயா" என்றார்.

என் வரவிலிருந்து அவள் பில்லுக்குக் கழிக்கலாமா என்றேன். "அது வேற கணக்கு, இது வேற கணக்கு."

சரி, என் கணக்கைச் சொல்கிறேன். எனக்கு ஓய்வூதியம் இருக்கிறது, சொந்தக் கூரை இருக்கிறது, பேங்கில் மதிப்பு இருக்கிறது. ஆகவே சோலார் போட வட்டி குறைத்து லோன் தந்தார்கள். என் கூரையில் விழுகிற வெயிலை இருபது வருடம் வாங்குவதாக ஒப்பந்தமும் போட்டார்கள். கையெழுத்து வைத்த நாளில் படம்கூட எடுத்தார்கள். சூழலைக் காப்பாற்றுகிறேனாம். எனக்குக் கிடைத்ததும் மானியம்தான் — ஆனால் யாரும் என்னை மானியத்தில் வாழ்கிறவன் என்று சொல்வதில்லை. அந்தச் சொல் யோகத்துக்குத்தான்.

ஒரு நாள் அவள் வேலிக்கு மேலால் என் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணன், உங்கட வெயிலக் கொஞ்சம் இஞ்சால தட்டி விடுங்களன்."

"சட்டம் இல்ல புள்ள. ஒரு வீட்டுக் கரண்ட மத்த வீட்டுக்குக் குடுக்க ஏலா. பிடிச்சா என்ட ஒப்பந்தத்த வெட்டிப் போடுவானுகள்."

"சும்மாதான் கேட்ட. மறுகா உங்களையும் ஜெயிலில போட்டா உங்கட வீட்டு அக்கா என்னத் தின்னுருவா."

சிரித்தோம். இருவரும்தான் சிரித்தோம்.

அவள் செத்தது மத்தியானம் ஒன்றரை மணி போல. நல்ல வெயில். நான் விறாந்தையில் இருந்து போனில் என் கூரையின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் பச்சைக் கோடு உச்சிக்கு ஏறும், பார்க்க ஆசையாக இருக்கும். தம்பிராசாவின் சத்தம் கேட்டு ஓடினேன். குசினி வாசலில் கிடந்தாள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அறையில் மிஷின், துணி போட்டு மூடியபடி. ஓடவில்லை.

சோலார் பூட்ட வந்தவர் ஒரு தடவை எனக்குச் சொல்லியிருந்தார்: என் கூரையில் மிஞ்சுகிற கரண்ட் நாட்டின் அடுத்த மூலைக்கெல்லாம் போவதில்லை. லைனில் ஏறி, முதலில் பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். அப்படியென்றால் அந்த ஒன்றரை மணிக்கு என் வெயில் அவள் மீட்டர் வாசலில்தான் நின்றிருக்கிறது. உள்ளே போக விலை இருந்தது. அவள் வாங்கவில்லை. அன்றைய மூன்றில் ஒன்றுதான் மிச்சம், அதுவும் ராத்திரி லைட்டுக்கு.

மிஷின் ஓடியிருந்தால் பிழைத்திருப்பாளா? டொக்டரிடம் கேட்டேன். "சொல்ல ஏலா" என்றார். சொல்ல ஏலாது என்பதையும் நான் எங்கே வைத்துக்கொள்வது?

எண்ணெய்க்குக் கொடுக்கிறார்கள், வெயிலுக்குக் கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எஞ்சினைப் பார்த்துக் கொடுக்கிறார்கள், கூரையைப் பார்த்துக் கொடுக்கிறார்கள், யூனிட்டைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். ஆளைப் பார்க்க யாருக்கும் வேலை இல்லையா?

வியாழக்கிழமை நசீர் மிஷினை எடுக்க வந்தான். சித்தாண்டியில் ஒரு வயதானவருக்கு அவசரமாக வேண்டுமாம். தம்பிராசா அதைத் துடைத்து, குழாயைச் சுற்றி, ஆட்டோ வரை தானே தூக்கி வந்தான். வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"தம்பி, குடுக்கிற வீட்டில ஒண்டு சொல்லிப் போடுங்க. மீட்டரப் பாக்க வேணாமெண்டு சொல்லுங்க."

நசீர் தலையைக் குனிந்துகொண்டு, "அவங்களும் வலை போடுற ஆக்கள்தான் அண்ணன்" என்றான். ஆட்டோ போய்விட்டது.

தம்பிராசா உள்ளே போனான். நான் அங்கேயே நின்று அந்தச் சுவரைப் பார்த்தேன். மூன்று மாத இலக்கங்கள், கரியில், ஒன்றின் கீழ் ஒன்றாக. கடைசி இலக்கம் மற்றவற்றைவிடக் கொஞ்சம் சரிந்திருக்கிறது.

நேற்று நாடா எடுத்து அளந்து பார்த்தேன் — என் சுவிட்ச் பலகையிலிருந்து யோகத்தின் கட்டிலுக்கு முப்பத்திரண்டு அடி வயர் போதும்.