கடலைக் கிட்டங்கியும் இரண்டு வெள்ளைக் கோடுகளும்

காலை ஒன்பது இருபதுக்கு மதுரை ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தில் நான் முதலில் பார்த்தது இரண்டு வெள்ளைக் கோடுகள். ஒன்றுதான் விழும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. காரைக்குடியில் கடலை மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கி நடத்திவந்த மச்சான், என் அக்காவின் கணவர், இருமும்போது ரத்தம் துப்பினார். முன்பு வந்து ஆறிய காசநோய் அவர் நுரையீரலில் ஒரு பொந்தை விட்டிருந்தது. எக்ஸ்ரேயில் அந்தப் பொந்துக்குள் உருண்டையாக ஏதோ தெரிந்தது. காசநோய் திரும்பியிருந்தால் மாத்திரை போதும். பூசணம் குடியேறியிருந்தால் அந்தப் பகுதியை அறுத்தெடுக்க வேண்டும். அறுத்தால் பிழைப்பாரா என்பதற்கு யாரும் உறுதி தரவில்லை.

ரத்தத்தில் தெரிந்துவிடும் என்றார் டாக்டர். ஒத்துப் பார்க்க நோயில்லாத ஒருவரின் ரத்தமும் கேட்டார். நான் சட்டைக் கையை மடிப்பதற்குள் அக்கா கையை நீட்டிவிட்டாள்.

"இவன் ஊசியப் பாத்தாலே மயங்கிருவான். பெறகு ரெண்டு பேரத் தூக்கணும். என்னதை எடுங்கய்யா."

கண்ணாடித் தட்டில் கடல்பாசிக் கூழை உறைய வைத்திருந்தார்கள். நடுக்குழியில் பூசணத்தின் சாறு. இருபுறக் குழிகளில் இருவர் ரத்தத்தின் தெளிநீர். பூசணத்தை அறிந்த ரத்தமானால் இடையில் வெள்ளைக் கோடு விழும். சில நாள் கழித்துப் போனபோது மச்சான் பக்கமும் கோடு, அக்கா பக்கமும் கோடு. அக்காவுடையது கொஞ்சம் மெலிது.

"ஏம்மா, நீங்களும் கிட்டங்கிக்குப் போவீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"போகாம? சொத்தக் கடலை பொறுக்குறது யாரு? இவுக கல்லாவ விட்டு எந்திரிக்க மாட்டாகள்ல."

மச்சான் சிரிக்கப் போய் இருமினார்.

"சொத்தக் கடலைத் தூசியில இந்தப் பூசணம் இருக்கும். உடம்பு அதச் சந்திச்சிருக்குன்னுதான் கோடு சொல்லும்மா. உள்ளே வளருதான்னு சொல்லாது" என்றார் டாக்டர்.

"அப்ப இவுகள மட்டும் எதப் பாத்து அறுக்கப் போறீக?"

டாக்டர் மச்சானை மறுபடி எக்ஸ்ரே அறைக்கு அனுப்பி, ஒருக்களித்துப் படுக்கவைத்துப் படம் எடுக்கச் சொன்னார். பழைய படத்தையும் புதியதையும் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். உருண்டை பொந்துக்குள் இடம் மாறியிருந்தது. காசநோய்க் கட்டியானால் இப்படி நகராது, ஒட்டாமல் உருளும் பூசணப் பந்து அது என்றார். அக்கா இரண்டு படங்களையும் வாங்கித் தானே ஒரு தடவை பார்த்துவிட்டு, சரி என்றாள்.

அறுத்தெடுத்த துண்டுக்குள் பூசணம்தான் இருந்தது. மச்சான் பிழைத்து ஊர் திரும்பி, கல்லாவில் உட்கார்ந்தார். அக்கா சொத்தைக் கடலை பொறுக்கிக்கொண்டிருந்தாள்.