புல்லியில் வைத்த விபூதி

என் கணவருக்கு இரண்டு குடும்பம். ஒன்று நான். இன்னொன்று திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் எங்கள் வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கும் பழைய அம்பாசிடர். எனக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்கித் தருவார். அது இருமினால் இவருக்குச் சோறே இறங்காது.

ரிட்டயர் ஆன பிறகு அவரிடம் யாரும் எதுவும் கேட்டு வருவதில்லை. ஆபீசில் இருந்தவரை வாசல் வரைக்கும் "சார், சார்" என்று ஆள் நிற்கும். இப்போது கியாஸ் சிலிண்டர் போடுகிற தம்பி மட்டும்தான் சார் என்கிறான். அதனால்தான் கீழ்பென்னாத்தூரிலிருந்து என் தங்கை மகள் போனில், "பெரியப்பா, பொண்ணு அழைப்புக்கு நான் உங்க வண்டியிலதான் மண்டபத்துக்கு வருவேன்" என்று சொன்னதும் மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

தங்கை வீட்டுக்காரருக்கு மட்டும் இஷ்டமில்லை. "சகலை, பொண்ணு ஆசைக்குச் சொல்லுது. நடுவழியில நின்னுடுச்சுன்னா மானம் போயிடும். புதுக் கார் ஒண்ணு பேசிடறேனே" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க சகலை. ஓட்டிக் காட்டறேன்" என்றார் இவர்.

காட்ட வேண்டுமே! இன்ஜினுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்த பாயிண்ட் தேய்ந்திருந்தது. புதுசு வாங்கி இவரே மாட்டினார். மாட்டினால் டைமிங்கைத் திரும்ப வைக்க வேண்டும். இன்ஜினுக்குள் பொறி எந்த நேரத்தில் விழ வேண்டும் என்பதுதான் டைமிங். முந்தி விழுந்தால் இன்ஜின் தட்டும், பிந்தி விழுந்தால் இழுக்காது. இன்ஜினுக்கு முன்னால் சுற்றும் புல்லிச் சக்கரத்தில் சின்னதாக ஒரு வெட்டு உண்டு. அது எதிரே இருக்கும் முள்ளுக்கு நேராக வரும்போது, மாட்டி வைத்த சின்ன பல்பு எரிய வேண்டும். எரியாவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி எரிய வைக்க வேண்டும். வெட்டு பளிச்சென்று தெரிய அதில் சாக்பீஸ் தேய்த்து வைப்பது இவர் வழக்கம்.

ஹேண்டில் போட்டு இன்ஜினைச் சுற்றுவது என் வேலை. பி.டி. டீச்சராக இருந்தவள், கையில் தெம்பு இன்னும் இருக்கிறது. "மெதுவா, மெதுவா, நிறுத்து!" என்று அவர் கீழே குனிந்து கத்துவார். பல்பு சரியாக எரிந்தது. அவர் முகத்திலும் ஒரு பல்பு எரிந்தது.

ஓட்டிப் பார்க்க ரயில்வே மேம்பாலம் ஏறினோம். டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல இன்ஜின் தட்டியது. "பெட்ரோல் சரியில்ல" என்றார். வேறு பங்க்கில் போட்டோம். அப்போதும் தட்டியது. திரும்ப டைமிங் வைத்தார், பல்பு சரியாகத்தான் எரிந்தது, பாலத்தில் மறுபடி அதே கூழாங்கல். "நீ வேகமா சுத்தற" என்று என் மேல் பாய்ந்தார். நான் விடுவேனா, "நீங்க குருடு" என்றேன்.

அன்று சாயங்காலம் சகலை போன் செய்தார். "வண்டி பேசிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க." இவர் "சரி சரி" என்று சொல்லிவிட்டு, தார்ப்பாயை இழுத்துப் போர்த்தினார். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. காரின் மேலா, சகலை மேலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. தானாக வந்து ஒருத்தி இவரிடம் ஒன்று கேட்டாள், அதுவும் இல்லையென்றால் எப்படி?

காலையில் தார்ப்பாயை நானே உருவினேன். "இன்னிக்கு நீங்க சுத்துங்க, நான் பாக்கறேன்."

முணுமுணுத்துக்கொண்டே சுற்றினார். நான் செல்போன் டார்ச்சோடு குனிந்தேன். "எந்தக் கோடுங்க?"

"அதான் வெள்ளையா இருக்கே, நான் போட்ட சாக்பீஸ்."

உற்றுப் பார்த்தேன். அந்த வெள்ளைக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொன்று, அதற்கும் பக்கத்தில் இன்னும் மங்கலாக ஒன்று. என் விரல் அகலம் எனக்குத் தெரியாதா?

"என்னங்க, இது சாக்பீஸ் இல்ல. என் விபூதி!"

ஆயுத பூஜைக்கு அரிவாள்மணையிலிருந்து மிக்சி வரைக்கும் குழைத்த விபூதியை மூன்று விரலால் பட்டையாகப் போட்டு, குங்குமம் வைப்பேன். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான். பானெட்டைத் திறந்து புல்லிக்கும் போட்டிருக்கிறேன். அப்புறம் இவர் துணியால் துடைத்ததில் சாக்பீஸ் போய்விட்டது, எண்ணெயில் ஒட்டிக்கொண்ட விபூதிப் பட்டையில் ஒரு கோடு மட்டும் பளிச்சென்று தங்கிவிட்டது. மனுஷன் சாமி கோட்டுக்கு டைமிங் வைத்திருக்கிறார்!

ஹேண்டிலை விட்டுவிட்டு வந்து பார்த்தார். பம்பரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "பக்தி ஜாஸ்தியாயிடுச்சுடி வண்டிக்கு!"

மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தோம். வெட்டு கொஞ்சம் தள்ளி இருந்தது. அதற்கு நேராகப் பல்பை எரிய வைத்து, பாலம் ஏறினோம். கூழாங்கல் சத்தம் இல்லை. இறங்கி, திரும்பி, வேலையே இல்லாமல் இன்னொரு தடவை ஏறினார். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வண்டி சரியாகிவிட்டது என்று போனில் சொல்லியும், பெண் அழைப்பு அன்று சகலை எதற்கும் இருக்கட்டும் என்று பேசிய காரையும் வரச் சொல்லியிருந்தார். வெள்ளை வெளேரென்று, பூ அலங்காரத்தோடு, ஏசி போட்டுக்கொண்டு நின்றது. பெண் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராக எங்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை வரைக்கும் அந்தக் கார் காலியாகப் பின்னாலேயே வந்தது. இவர் கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். மேம்பாலம் வந்ததும் நான் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வண்டி சத்தமில்லாமல் ஏறி இறங்கியது.

மண்டப வாசலில் மேளம் கொட்டினார்கள், ஆரத்தி எடுத்தார்கள், பெண்ணை உள்ளே அழைத்துப் போனார்கள். இவர் இறங்கி, பின்னால் வந்த காரின் டிரைவரிடம் போனார். என்ன சொல்லப் போகிறாரோ என்று எனக்குப் பயம்.

"தம்பி, வெயிட் பண்ண வேணாம். ஆனா சாப்பிடாம போவக் கூடாது, வாங்க" என்று டிரைவர் தோளில் கை போட்டுப் பந்திக்கு அழைத்துப் போனார்.