அணிவகுப்புக்குப் பிறகு பந்தி

அந்தப் படத்தில் யாருக்கும் பசிக்காது. ஆற்றங்கரையில் கோட்டை மாதிரி ஒரு ராணுவக் கல்லூரி. சாம்பல் நிறக் கோட்டும் பித்தளைப் பொத்தானுமாக இருநூறு பையன்கள் காலையில் நடக்க ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை நடக்கிறார்கள். நடுவில் பாடுகிறார்கள், தண்டனை வாங்குகிறார்கள், குடை பிடித்த ஒரு பெண்ணைப் பார்த்து மயங்குகிறார்கள், மறுபடி நடக்கிறார்கள். ஒருத்தனாவது தட்டின் முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

கல்யாணமாகி அமெரிக்காவில் பார்சிப்பனிக்கு வந்த புதிது. என் விசாவில் வேலைக்குப் போகக் கூடாது, காரும் ஓட்டத் தெரியாது. பகலெல்லாம் டிவிதான். பழைய ஹாலிவுட் படங்களை மட்டும் போடும் கேபிள் சேனல் ஒன்று இருந்தது. ஜன்னல் வெயில் கார்ப்பெட்டில் நகர்ந்து நகர்ந்து சோபாவின் காலடிக்கு வரும் நேரத்தில், மாதம் ஒருமுறையாவது அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் வந்துவிடும். வசனம் பாதி புரியாது. காலடிச் சத்தம் புரியும். அதைக் கேட்டுக்கொண்டே கண் சொருகும். ஹீட்டரின் டிக் டிக்கும் அவர்களுடைய பூட்ஸும் ஒன்றாகி, நானும் வரிசையில் சேர்ந்து ஆற்றோரமாக எங்கேயோ போய்க்கொண்டிருப்பேன். விழிக்கும்போது வேறு படம் ஓடும். அதனால் எத்தனை முறை பார்த்தும் எனக்கு முடிவு மட்டும் தெரியாது.

"காலையில இருந்து நடக்கறானுங்களே, ஒருத்தனாவது ஒரு வாய் தின்னானா பாருங்க," என்று என் வீட்டுக்காரரிடம் ஒரு சனிக்கிழமை சொன்னேன்.

"அது மியூசிக்கல் அம்மிணி. பாட்டு வரும், சோறு வராது," என்றார்.

நான் அப்படித்தான் பார்ப்பேன். என் அப்பா வளர்த்த வளர்ப்பு. கோபிப் பக்கம் எங்கள் வீட்டுக்குத் தபால்காரர் வந்தாலும், மீட்டர் பார்க்க ஆள் வந்தாலும், அப்பா முதலில் கேட்பது சாப்பிட்டாச்சா என்றுதான். நான் அமெரிக்கா வந்த இரண்டாம் வருஷம் அவர் போய்விட்டார். கிரீன் கார்டு வேலை பாதியில் இருந்தது. இப்போது வெளியே போனால் திரும்பி வருவது சந்தேகம் என்றார் வக்கீல். நான் போகவில்லை. அதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்பா நடமாடி, பேசி நான் பார்க்க முடிந்தது எங்கள் கல்யாணக் கேசட்டில் மட்டும்தான். இந்தியக் கேசட் இங்கே உள்ள விசிஆரில் ஓடாது. எடிசன் ஊரில், இந்தியக் கடைகள் இருக்கும் ஓக் ட்ரீ ரோடில் ஒரு வீடியோக் கடைக்காரர் அதை மாற்றிக் கொடுத்தார். புதுக் கேசட் கைவசம் இல்லையென்று, யாரும் வாடகைக்கு எடுக்காத ஒரு தமிழ்ப் படக் கேசட்டிலேயே எங்கள் கல்யாணத்தைப் பதிந்து தந்துவிட்டார். மேலே அந்தப் படத்தின் லேபிள் அப்படியே இருந்தது.

அதை நான் கிழிக்கவில்லை. காரணமாகத்தான். எங்கள் அபார்ட்மென்டில் எட்டுத் தமிழ்க் குடும்பங்கள். கேசட் என்று ஒன்று யார் வீட்டுக்கு வந்தாலும் அது எட்டு வீட்டுக்கும் சொந்தம். ஒரு ஆன்ட்டியிடம் போனால் மூன்று வாரம் கழித்து இன்னொரு ஆன்ட்டி வீட்டிலிருந்து திரும்பி வரும். என் அப்பாவை அப்படி வீடு வீடாக அனுப்ப எனக்கு மனசில்லை. அந்த லேபிளைப் பார்த்து ஒருத்தரும் கடன் கேட்க மாட்டார்கள். வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. கல்யாணக் கேசட் பெட்டிக்குள் பத்திரமாக இருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆள் இருந்தால் எனக்கு அழுகை வராது. அவர் ஆபீஸ் போன பிறகு தனியாகப் போட்டுப் பார்ப்பேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மகளுக்கு மூன்று வயதானபோது, ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அந்த ராணுவக் கல்லூரிப் படம் வருவதாக டிவி கைடில் போட்டிருந்தது. அதே நேரம் குழந்தைக்குத் தடுப்பூசி. "ரெகார்ட் பண்ணி வைங்க, ஒரு தடவையாவது முடிவைப் பாக்கணும்," என்றேன். அவர் காலையிலேயே டைமர் செட் பண்ணிவிட்டு ஆபீஸ் போனார். சாயங்காலம் வந்ததும் குஷியாகக் கேசட்டை எடுத்து நீட்டினார்.

"எதுல ரெகார்ட் பண்ணீங்க?"

"அந்த அறுவைப் படம் ஒண்ணு சும்மா கெடந்துச்சே, அதுலதான். அத யாரு பாக்கப் போறா?"

கேசட்டைப் போட்டேன். நாதஸ்வரம் இருக்க வேண்டிய இடத்தில் பையன்கள் நடந்துகொண்டிருந்தார்கள். நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டு அமெரிக்கக் கிழவர் கதவைத் தட்டி, எல்லாம் ஓகேவா என்று கேட்டார். ஊருக்கு ஃபோன் போட்டேன். நான் திருப்பி அனுப்பியிருந்த மூலக் கேசட்டில் பூஞ்சை பிடித்து நாளாகிவிட்டது என்றான் தம்பி. கேசட்டை ஷூ ரேக்குக்குப் பின்னால் வீசினேன்.

தப்பில் முக்கால்வாசி என்னுடையது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கோபம் இன்னும் ஏறியது. அன்றிலிருந்து அவரைச் சாப்பிடக் கூப்பிடுவதை நிறுத்தினேன். தட்டில் போட்டு மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். என் அப்பாவின் மகளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கொடுக்கத் தெரியாது. அவரும் ஆறிப்போனதைத் தின்றுவிட்டு எழுந்து போவார். அஞ்சு மாசம் இப்படி.

ஜனவரியில் ஒரு நாள் நல்ல பனி. டே கேர் லீவு. அவர் மட்டும் எப்படியோ ஆபீஸ் போயிருந்தார். நான் அடுப்படியில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். ஹாலில் பூட்ஸ் சத்தம். மகள் ஷூ தேடப் போய் கேசட்டைக் கண்டெடுத்து, அவளாகவே விசிஆரில் தள்ளியிருந்தாள். பிடுங்கிப் போடத்தான் வந்தேன். வெளியே பனி இறங்கிக்கொண்டே இருந்தது, உள்ளே பையன்கள் நடந்துகொண்டே இருந்தார்கள். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். இந்தத் தடவை தூக்கம் வரவில்லை.

கடைசியில் அந்தக் குடைக்காரிக்கும் ஒரு பையனுக்கும் கல்யாணம். மற்றவர்கள் இரண்டு வரிசையாக நின்று வாளை உயர்த்திப் பந்தல் போட, இருவரும் அடியில் நடந்து வந்தார்கள். முற்றும். திரையில் புள்ளி புள்ளியாக இரைச்சல். எழுந்து நிறுத்தப் போனேன்.

திடீரென்று கலர் வந்தது. வாழை இலைகள். நீளமான பந்தி. தோளில் துண்டும் கையில் நெய்ச் சொம்புமாக என் அப்பா. வீடியோக்காரரைப் பார்த்து நேராகத் திரும்பினார்.

"ஏந்தம்பி, காலையில இருந்து நின்னுட்டே இருக்கறீங்களே! அந்தப் பொட்டியக் கீழ வெச்சுப்போட்டு மொதல்ல சாப்புடுங்க, வாங்க."

கை நீண்டு லென்ஸ் பக்கம் வந்தது. படம் சரிந்து, மண்டபத்து ஃபேன் ஒரு சுற்று சுற்றி, நின்றுவிட்டது. கேசட்டில் அவ்வளவுதான் மிச்சம்.

"அம்மா, இஸ் தாத்தா டாக்கிங் டு த சோல்ஜர்ஸ்?" என்றாள் மகள்.

"ஆமா கண்ணு."

"ஆர் தே ஹங்ரி?"

"பின்ன? காலையில இருந்து நடக்கறாங்கல்ல."

பக்கத்தில் ஆள் இருந்தும் அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. நன்றாக அழுதேன். மகள் ரீவைண்ட் பண்ணி மறுபடி முதலிலிருந்து போட்டாள்.

பனி அதிகமாகிறதென்று வீட்டுக்காரர் சீக்கிரமே வந்துவிட்டார். கதவைத் திறந்தவர் அந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்டதும் வாசலிலேயே நின்றார்.

"அதத் தூக்கிப் போட்டுறட்டுங்களா?" என்றார்.

நான் அடுப்படிக்குப் போய் ரசத்தைச் சூடு பண்ணினேன். தட்டை வைத்தேன். உள்ளே போகவில்லை.

"மொதல்ல சாப்புடுங்க, வாங்க," என்றேன்.

கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தார்.