ஆஃப் பண்ணாத வண்டி

இரண்டு கம்பெனிகள் ஒன்றாகச் சேர்ந்தால் லாரி டிரைவருக்கு என்ன கிடைக்கும்? ஒரு பிரியாணிப் பொட்டலமும் ஒரு தொப்பியும் கிடைக்கும். எங்கள் வீட்டில் அந்தத் தொப்பி இன்னும் இருக்கிறது. மாட்டுத் தொழுவத்தைக் கழுவும்போது வெயிலுக்கு நான்தான் போட்டுக்கொள்கிறேன்.

மீனாட்சிபுரம் பக்கம் ஊர் ஊராகப் போய்ப் பால் கேன்களை ஏற்றிக் கொண்டுபோய்ப் பாலைக் குளிரவைக்கும் சில்லிங் சென்டரில் இறக்குவது என் வீட்டுக்காரர் வேலை. லாரி லீசு வண்டி. மாதா மாதம் தவணை கட்டி முடித்தால் அது எங்கள் பேருக்கு மாறும் என்பது பேச்சு. முன்பணத்துக்கு என் கழுத்துச் சங்கிலி போனது. நான் மறுபேச்சுப் பேசவில்லை, வண்டி நம்முடையதாகப் போகிறதே என்ற ஆசை எனக்கும் இருந்தது. அப்போது வண்டியை லீசுக்குக் கொடுத்தது ஒரு கம்பெனி, ஓட்ட வேலை கொடுத்துக் கூலி தந்தது இன்னொரு கம்பெனி. போன வருஷம் இரண்டும் ஒன்றாகிவிட்டன. பாலக்காட்டில் ஒரு மண்டபத்தில் டிரைவர்களைக் கூட்டி, "இனி நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று மேடையில் ஒருவர் பேசினாராம். சொத்துத் தகராறெல்லாம் குடும்பத்துக்குள்தான் நடக்கும் என்பது அன்றைக்கே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும்.

அதற்கப்புறம் கூலி ஒழுங்காக வரவில்லை. கேட்டால் கம்ப்யூட்டர் மாறுகிறது, கணக்கு மாறுகிறது என்றார்கள். தவணைத் தேதி மட்டும் மாறவில்லை. வண்டி எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்காம், ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டியையும் மாட்டிவிட்டார்கள்.

அந்தப் பெட்டி என்னவெல்லாம் செய்யும் என்பது ஒரு நாள் காலையில் தெரிந்தது. எங்கள் ஊர் பால் சென்டர் முன்னால் வண்டியை ஆஃப் பண்ணிவிட்டு அவர் கேன்களை ஏற்றிக்கொண்டிருந்தார். எங்கள் மாட்டுப் பாலை ஊற்றிவிட்டு நானும் அங்கேதான் நின்றேன். ஏற்றி முடித்துச் சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை. பேட்டரி போய்விட்டது என்று நினைத்து நாலு பேர் தள்ளிப் பார்த்தார்கள். அப்புறம்தான் போனில் மெசேஜ் வந்தது. தவணை பாக்கியாம், வண்டியைப் பூட்டிவிட்டார்களாம். எங்கோ ஆபீசில் உட்கார்ந்துகொண்டு எங்கள் ஊரில் நிற்கிற வண்டியைப் பூட்டியிருக்கிறார்கள்!

அவர் கம்பெனிக்குப் போன் போட்டார். போனில் பாட்டு ஓடி முடிந்ததும் ஒரு பையன் மலையாளம் கலந்த தமிழில் பேசினான். "ஏனுங்க, கூலி போடாம தவணைக்கு நான் எங்கீங்க போவேன்?" என்று இவர் கெஞ்சினார். எனக்குப் பொறுக்கவில்லை. போனைப் பிடுங்கினேன்.

"கூலி பாக்கி வெச்சிருக்கறதும் நீங்கதான, தவணை கேக்கறதும் நீங்கதான? அதுல கழிச்சுக்க வேண்டியதுதான?"

"சேச்சி, அது வேற செக்‌ஷன். இது லீஸ் செக்‌ஷன்."

"மண்டபத்துல பிரியாணி போட்டப்ப ஒரே குடும்பம்னீங்க. குடுக்கறதுன்னா மட்டும் வேறயா?"

அவன் வைத்துவிட்டான். வெயில் ஏற ஏற ஊர்க்காரர்கள் கேன் மூடியைத் திறந்து மோந்து மோந்து பார்த்தார்கள். பால் கெட்டால் அவர்களுக்கு யார் பதில் சொல்வது?

நல்லவேளை, பக்கத்து ரூட்டில் ஓட்டுகிற டிரைவர் அந்த வழியாக வந்தார். ஒரு வார்த்தை கேட்காமல் கேன்களையெல்லாம் தன் வண்டிக்கு மாற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பால் தப்பியது. என் அண்ணனிடம் கைமாற்று வாங்கித் தவணையைக் கட்டியதும் எங்கள் வண்டியும் கிளம்பியது. ஆனால் அந்த மனுஷனுக்கு, ரூட் மாறிச் சரக்கு ஏற்றினார் என்று அபராதம் போட்டார்கள். உதவி செய்ததற்கு அபராதம்! அதோடு சரி, ஒருவர் பாலை இன்னொருவர் ஏற்ற யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

அதற்குப் பதில் டிரைவர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். ஓடுகிற எஞ்சினை அந்தப் பெட்டியால் நிறுத்த முடியாது, ஆஃப் பண்ணினால்தான் திரும்பக் கிளம்ப விடாது. அதனால் முதல் கேன் ஏறியதிலிருந்து கடைசிக் கேன் இறங்கும்வரை யாரும் வண்டியை ஆஃப் பண்ணுவதில்லை. ஊருக்கு ஊர் நின்று நின்று உறுமிக்கொண்டே பால் ஏற்றுகிறார்கள். டீசல் எங்கள் காசு. புகை ஊருக்கு. "காச இப்படிப் புகையா ஊதறீங்களே" என்று தினமும் அவரைத் திட்டினேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

போன வாரம் அவருக்குக் காய்ச்சல். லீவு போட்டால் அதற்கும் ஒரு பிடித்தம் உண்டு என்று கிளம்பிப் போய்விட்டார். நான் பால் சென்டருக்குப் போனபோது அங்கே வேலை செய்கிற பையன்கள் கேன் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், இவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஏறிப்போய் நெற்றியைத் தொட்டேன். சுட்டது. கேபினுக்குள் எஞ்சின் சூடு வேறு. வண்டி எக்கேடோ கெடட்டும், ஆஃப் பண்ணிவிட்டு மனுஷனை வீட்டுக்குக் கூட்டிப் போய்விடலாம் என்று சாவியில் கையை வைத்தேன்.

அந்த மாதத் தவணை இன்னும் கட்டவில்லை. பின்னால் ஊர்ப்பால் மொத்தமும் ஏறிக்கொண்டிருந்தது.

கையை எடுத்துவிட்டேன். கடைசிக் கேன் ஏறும்வரை பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் அவருக்கு விசிறினேன். அப்புறம் தோளைத் தட்டி, "எந்திரிங்க, லோடு ஆயிருச்சு, கெளம்புங்க" என்றேன். கம்பெனிக்காரன் சொல்ல வேண்டியதை என் வாயால் சொல்ல வைத்துவிட்டார்கள்.